வீட்டுத் தையல் மெஷினில் ஓவர்லாக்: பிளானல் முதல் பழைய ஸ்வெட்டர் வரை

கோத்தகிரியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் துணி தைத்தாலும் கடைசியில் ஒரு வேலை பாக்கி நிற்கும், வெட்டிய ஓரம் பிசிறாமல் நூலால் சுற்றிக் கட்டுவது. ஓவர்லாக். தைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு பஜாருக்கு இறங்கி, ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்து, மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் போய் வாங்கி வர வேண்டும். நானும் பல வருஷம் அப்படித்தான் அலைந்தேன். ஒரு தடவை என் மகளின் பிளானல் சட்டை திரும்பி வந்தபோது ஒரு பக்கத் தோள் அரை இஞ்ச் குறைந்திருந்தது. அந்த மெஷினில் இருக்கும் கத்தி ஓரத்தைக் கூடுதலாகச் சீவிவிட்டது. வெட்டின துணியை ஒட்டவைக்க முடியாது. அன்றைக்குத்தான் இதை வீட்டு மெஷினிலேயே ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன். இப்போது எங்கள் வீட்டுத் துணி எதுவும் வெளியே போவதில்லை.

கடை மெஷின் செய்வதை முதலில் புரிந்துகொண்டால் மற்றது சுலபம். அதில் அடிநூல் சுற்றி வைக்கும் பாபினே கிடையாது. ஊசி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதோடு நூலைச் சுற்றிக் கொடுக்கும் கொக்கிகளான இரண்டு லூப்பர். மூன்று நூலோ நான்கு நூலோ ஓடும். துணி ஊசிக்குப் போகுமுன் கத்தி பிசிறைச் சீவும். சீவிய ஓரத்தை லூப்பர் நூல்கள் மேலும் கீழும் சுற்றிக் கட்டும். அமெரிக்காவில் மெர்ரோ கம்பெனி 1880களில், பின்னல் துணிகளின் ஓரத்துக்குக் குரோஷா மாதிரி கட்டுப் போடச் செய்த மெஷினிலிருந்து வளர்ந்தது இது. நம் வீட்டு மெஷினில் கத்தியும் இல்லை, லூப்பரும் இல்லை. ஆனால் ஊசி இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்தை வைத்து நூலை ஓரத்தின் மேல் சுற்ற வைப்பதுதான் நாம் செய்யப் போவது.

எல்லாமே ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஊசி வலப்பக்கம் இறங்கும்போது துணிக்கு வெளியே, ஓரத்தை உரசினாற்போல ஒரு மயிரிழை தள்ளி இறங்க வேண்டும். துணிக்குள்ளேயே இறங்கினால் அது வெறும் ஜிக்ஜாக். அதற்கு வெளியே மிச்சம் நிற்கும் துணி இரண்டு துவைப்பில் பிசிறிவிடும். ரொம்பத் தள்ளி இறங்கினால் நூல் காற்றில் தொங்கி, ஓரத்தை இழுத்துச் சுருட்டும். ஃபுட் (துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்), டென்ஷன் (நூலின் இறுக்கம்), அகலம் (ஊசி இடம் வலமாக ஆடும் தூரம்) என்று கீழே நான் சொல்லும் எல்லாமே ஊசி இந்த இடத்தில் தவறாமல் இறங்குவதற்காகத்தான்.

கறுப்பு நிறப் பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நேர்த்தையல் மட்டும்தான் வரும், ஓவர்லாக் வராது. ஓரத்தைக் கால் இஞ்ச் உள்ளே மடித்து ஒரு தையல் போடுங்கள், அல்லது கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய துணிப்பட்டை) வைத்து மூடுங்கள். மெல்லிய துணிக்கு அது ஓவர்லாக்கைவிட அழகாகவே இருக்கும்.

துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எந்தத் தையல் போடுவது என்பதைத் துணிதான் சொல்லும். வெட்டிய ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். பாவும் ஊடையுமாக நெய்த துணி என்றால் நூல் தனியே உதிரும். பருத்தி, பாப்ளின், பிளானல், பள்ளிக்கூட பிளேசருக்கு எடுக்கும் கம்பளித் துணி எல்லாம் இந்த ஜாதி. இவற்றுக்கு ஓவர்லாக் கட்டாயம். இதிலும் நெசவு எவ்வளவு தளர்ச்சியோ அவ்வளவு பிசிறும். நூலை எண்ணி எண்ணித் தைக்கும் தோடர் எம்பிராய்டரிக்கு எடுக்கிற முரட்டுப் பருத்தியைப் பைக்கோ மேசை விரிப்புக்கோ வெட்டினால், கையில் வைத்திருக்கும்போதே ஓரம் உதிரும். அப்படிப்பட்ட துணியை வெட்டியதும் முதல் வேலையாக ஓரத்தை அடித்துவிடுங்கள். மற்ற தையல் அப்புறம்.

பனியன் துணி உதிராது, ஆனால் சுருண்டுகொள்ளும், இழுபடும். அதற்கு இழுத்தால் கூடவே நீளும் தையல் வேண்டும். ஃபிளீஸும் பின்னல் துணிதான். அதன் ஓரம் பிசிறவே பிசிறாது. ஊரெல்லாம் ஃபிளீஸ் ஜாக்கெட் போடுகிற இந்தக் குளிரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஃபிளீஸுக்கு ஓவர்லாக் அழகுக்கும் இணைப்பு உறுதிக்கும்தான். போடாவிட்டாலும் துணி பிரியாது. நூலை வீணாக்காதீர்கள்.

கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் தனி ஜாதி. வெட்டினால் கண்ணி கண்ணியாகப் பிரிந்து ஓடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஊசி, நூல், ஃபுட்

ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். பாப்ளினுக்கு 12 அல்லது 14 நம்பர், பிளானலுக்கு 14, தடித்த கம்பளிக்கு 16. பனியன் துணிக்கும் ஃபிளீஸுக்கும் முனை உருண்ட ஊசி, பால்பாயின்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிய பனியனுக்கு 11, ஃபிளீஸுக்கு 14. கூர்முனை ஊசி பின்னல் துணியின் இழையை அறுத்துவிடும், தையலும் விட்டு விட்டு விழும். வீட்டு மெஷின் ஊசியின் மேல்பாகம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடைகளில் ஓட்டும் பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. மாற்றி வாங்கி வந்துவிடாதீர்கள்.

நூல் மேலேயும் பாபினிலும் ஒரே பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். பாபினை நிறையச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 5 மி.மீ., நீளம் 2 மி.மீ. வைத்தால் ஒவ்வொரு தையலும் சாய்வாக ஏறக்குறைய 5.4 மி.மீ. போகிறது, துணியோ 2 மி.மீ. மட்டுமே நகர்கிறது. நேர்த்தையலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் நூல் போகும் என்று அர்த்தம். பாதி ஓரத்தில் பாபின் தீர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது ஃபுட். சாதாரண ஜிக்ஜாக் ஃபுட்டிலும் ஓரம் அடிக்கலாம். ஆனால் ஓவர்லாக் ஃபுட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி, அதை ஒட்டி வலப்பக்கம் துணி முட்டி நிற்க ஒரு தடுப்பு. உஷா ஜனோமியில் பெரும்பாலும் ‘சி’ என்றும், பிரதர் மெஷினில் ‘ஜி’ என்றும் எழுத்து பொறித்திருக்கும். மெஷினோடு வந்த சின்ன டப்பாவைத் திறந்து பாருங்கள். அநேகம் பேர் அதைத் தொட்டதே இல்லை. நூல் முதலில் அந்தக் கம்பியின் மேல் சுற்றிக்கொள்ளும், துணி பின்னால் நகர நகரக் கம்பியிலிருந்து வழுக்கி இறங்கி ஓரத்தில் உட்காரும். ஓரம் சுருளாமல் தட்டையாக நிற்பது இந்தக் கம்பியால்தான்.

இந்த ஃபுட் மாட்டியிருக்கும்போது அகலத்தை 5க்குக் கீழே இறக்காதீர்கள். நான் ஒரு நாள் அவசரத்தில் அகலம் 3ல் இருந்ததைக் கவனிக்காமல் மிதித்துவிட்டேன். ஊசி நேராகக் கம்பியில் இறங்கி, உடைந்த முனை கன்னத்தில் தெறித்தது. கண்ணுக்கு இரண்டு விரல்கடை கீழே. அன்றிலிருந்து, டயலைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் கைச்சக்கரத்தை என் பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசி இடமும் வலமும் கம்பியைத் தொடாமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மிதிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எந்தத் தையல்

டயலில் இருக்கும் படங்களைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் மெஷினுக்கு மெஷின் மாறும், படம் மாறாது.

வெறும் பல்வரிசை போல இருப்பது ஜிக்ஜாக். நெய்த துணிக்கு, அதுவும் கொஞ்சம் கனமான துணிக்கு, இது ஒன்றே போதும். பல்வரிசையின் ஒவ்வொரு சாய்விலும் இரண்டு மூன்று சிறு தையல் தெரிந்தால் அது மூன்றடி ஜிக்ஜாக். மெல்லிய துணி சாதாரண ஜிக்ஜாக்கில் குழாய் மாதிரி சுருண்டால் இதற்கு மாறுங்கள். ஒரு சாய்வுக்கு மூன்று இடத்தில் துணியைப் பிடிப்பதால் சுருள விடாது. நான் பாப்ளின் சட்டைக்கும் நைட்டிக்கும் பெரும்பாலும் இதைத்தான் போடுகிறேன்.

மூன்றாவது, நேர்கோட்டோடு சாய்ந்த கோடுகளும் சேர்ந்திருக்கும் படம். இதுதான் ஓவர்லாக் ஸ்டிச். சாதாரண மெஷின்களில் இதற்கு நீள டயலை ‘எஸ்.எஸ்.’ என்ற இடத்துக்குத் திருப்ப வேண்டும். மெஷின் முன்னும் பின்னும் போய் வந்து தைக்கும், அதனால் மெதுவாகவே நகரும். பனியன் துணியில் இரண்டு பாகத்தை இணைப்பதையும் ஓரம் கட்டுவதையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். தவறாகத் தைத்தால் பிரிப்பது பெரும்பாடு, அதனால் முதலில் ஓட்டுத்தையல் போட்டு அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டுத் துணியில் சோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அதே துணியில் ஒரு சாண் நீளத் துண்டு எடுங்கள். உடுப்பில் இரண்டு மடிப்பாகத் தைக்கப் போகிறீர்கள் என்றால் சோதனையும் இரண்டு மடிப்பில் இருக்கட்டும். பாவு வாக்கில் ஒன்று, ஊடை வாக்கில் ஒன்று, கிராஸாக ஒன்று தைத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

பிளானலுக்கு அகலம் 5, நீளம் 2, மேல் டென்ஷன் 3 என்று ஆரம்பியுங்கள். பாப்ளினுக்கு நீளம் 1.5, டென்ஷன் 2. பிளேசர் கம்பளிக்கு நீளம் 2.5. ஃபிளீஸுக்கு நீளம் 3, நெருக்கித் தைத்தால் ஓரம் அலை அலையாக விரியும். நேர்த்தையலுக்கு வைக்கும் டென்ஷனைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அடிப்பக்கம் மேல்நூல் லேசாக எட்டிப் பார்த்தால் அது சரியான அளவு. பாபின் நூல் மேலே வந்தால் டென்ஷன் அதிகம்.

சோதனைத் துண்டை விரலால் வருடிப் பாருங்கள். ஓரம் தட்டையாக, துணியின் தடிப்பிலேயே இருக்க வேண்டும். கயிறு மாதிரி உருண்டு நெருடினால் டென்ஷனை அரை எண் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அகலத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் அதற்குமுன் ஓவர்லாக் ஃபுட்டைக் கழற்றி ஜிக்ஜாக் ஃபுட்டை மாட்டிவிடுங்கள்.

ஓரம் முதலா, தையல் முதலா

தையலை இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடும் உடுப்பு என்றால், பேன்ட், பிளேசர், பாவாடையின் பக்கத்தையல் போன்றவற்றுக்கு, வெட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக முதலில் ஓரம் அடித்துவிட்டு அப்புறம் இணையுங்கள். சுடிதார் டாப், நைட்டி, சட்டை என்றால் முதலில் இணைத்து, மிச்சத் துணியை ஒரே அளவாக வெட்டி, இரண்டையும் சேர்த்து ஓரம் அடியுங்கள். நம் மெஷினில் கத்தி இல்லாததால் அந்த வெட்டுதான் முக்கியம். கத்தரிக்கோல் கோணலாகப் போனால் தையலும் அதன் பின்னாலேயே கோணலாகப் போகும்.

தைக்கும் விதம்

ஃபுட்டைத் தூக்கி, துணியின் ஓரத்தை வலப்பக்கத் தடுப்பில் முட்டும்படி வையுங்கள். மேல்நூலையும் அடிநூலையும் பின்பக்கம் இழுத்து இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை ஒரு தடவை துணிக்குள் இறக்கி, ஃபுட்டை இறக்கி, மெதுவாக மிதியுங்கள். ஏழெட்டுத் தையல் போன பிறகு நூலை விடலாம். பிடிக்காமல் தொடங்கினால் ஓரத்தின் நுனியை மெஷின் உள்ளே இழுத்துச் சிக்கலாக்கிவிடும். சிக்கல் வருவது பெரும்பாலும் இந்தத் தொடக்கத்தில்தான்.

கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. தடுப்பும் துணியும் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் தைக்கப் பழகிய பக்கத்து வீட்டுப் பெண், “அக்கா, நேராத்தான் பிடிக்கிறேன், ஆனாலும் அங்கங்க விட்டுப்போகுது” என்றாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கண் ஊசியிலேயே இருந்தது, துணி தடுப்பை விட்டு விலகியது தெரியவில்லை. “ஊசியை மறந்துடும்மா, தடுப்பைப் பாரு” என்றேன். அதற்கடுத்த ஓரம் முழுக்க ஒரு இடம்கூட விடவில்லை.

துணியைப் பின்னால் இருந்து இழுக்காதீர்கள். ஃபுட்டுக்குக் கீழே இருக்கும் பல் தானாக நகர்த்தும். உங்கள் கை துணியைத் தடுப்போடு சேர்த்துக் கொடுக்க மட்டும்தான். கைத்துளை போன்ற உள்வளைவில், வளைந்த ஓரத்தை ஃபுட்டுக்கு முன்னால் லேசாக நிமிர்த்தி நேராக்கிக் கொடுங்கள். பாவாடையின் கீழ்வட்டம் போன்ற வெளிவளைவில் வேகத்தைக் குறைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்பி வையுங்கள். மூலை வந்தால் அப்படியே துணிக்கு வெளியே ஓட்டி முடித்து, நூலை வெட்டி, அடுத்த பக்கத்தைப் புதிதாக ஆரம்பியுங்கள்.

தையல் மேல் தையல் வரும் மேட்டில் ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நகராமல் நிற்கும். தடித்த அட்டையை மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்குக் கீழே கொடுங்கள். ஃபுட் சமமானதும் ஏறிவிடும்.

முடிக்கும்போது ரிவர்ஸ் போட வேண்டாம். கம்பியில் இருக்கும் நூல் சிக்கிக்கொள்ளும். ஊசியை மேலே தூக்கி, துணியைப் பின்பக்கமாக இழுத்து எடுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் கம்பி வளைந்துவிடும். மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தையலை வெட்டாமல் சின்னக் கத்தரியால் சீவிவிட்டு, இஸ்திரி போடுங்கள். கம்பளிக்கு ஈரத்துணியை மேலே போட்டு அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

ரொம்பத் தளர்ந்த நெசவுக்கு நான் வேறு மாதிரி செய்கிறேன். சாதாரண ஜிக்ஜாக் ஃபுட் மாட்டி, ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே மூன்றடி ஜிக்ஜாக் போட்டு, அதற்கு வெளியே இருக்கும் துணியைத் தையலை ஒட்டி வெட்டிவிடுகிறேன். அதற்குத் தையலுக்கு விடும் துணியைக் கூடுதலாக விட்டிருக்க வேண்டும்.

பழைய ஸ்வெட்டரைக் குழந்தைக்குச் சின்னதாக்க

எங்கள் மலையில் பீரோவைத் திறந்தால் நாலு பழைய ஸ்வெட்டராவது கிடக்கும். அப்பா போட்டதைப் பேரனுக்கு வெட்டித் தைப்பது பெரிய சந்தோஷம். ஆனால் நேரடியாகக் கத்தரி வைத்தால் கண்ணி ஓட ஆரம்பித்துவிடும். முதலில் தையல், பிறகுதான் வெட்டு.

ஸ்வெட்டரைத் துவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் தட்டையாகப் பரப்பிக் காய வையுங்கள். தொங்கவிட்டால் நீண்டுவிடும். அளவுச் சட்டையை மேலே வைத்து, வெட்ட வேண்டிய கோட்டை வேறு நிற நூலால் ஓட்டுத்தையலாகப் போடுங்கள். கம்பளியில் சாக்பீஸ் நிற்காது. இப்போது ஜிக்ஜாக் ஃபுட், பால்பாயின்ட் ஊசி, அகலம் 2, நீளம் 2. ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க உங்கள் மெஷினில் திருகு இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டருக்கு அடியில் பட்டர் பேப்பரை நீளவாக்கில் கிழித்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பேப்பர் இல்லாவிட்டால் பல் கம்பளியைக் கவ்வி இழுத்து, தைத்து முடிப்பதற்குள் ஓரம் அரை அடி நீண்டுபோகும்.

கோட்டுக்கு உள்பக்கம் ஒரு வரிசை, அதிலிருந்து கால் இஞ்ச் உள்ளே இன்னொரு வரிசை. பேப்பரோடு சேர்த்தே தையுங்கள். முடிந்ததும் பேப்பரைத் தையலுக்கு இணையாக மெல்லக் கிழித்தெடுங்கள். பிறகு கோட்டின் மேல் வெட்டுங்கள். இரண்டு வரிசையும் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரம் உங்கள் கையில் உதிராமல் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம்.

இணைப்பதற்கு அகலம் 1, நீளம் 2.5 ஜிக்ஜாக். இழுத்தால் அறாமல் நீளும். தோளில் மட்டும் ஒரு பருத்தி நாடாவைச் சேர்த்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஸ்வெட்டரின் கனமே தோளை இறக்கிவிடும். கடைசியாக ஓவர்லாக் ஃபுட் மாட்டி அகலம் 5, நீளம் 3 வைத்து இரண்டு ஓரத்தையும் சேர்த்து அடியுங்கள். ஓரம் அலை அலையாக வந்தால் பயப்பட வேண்டாம். ஈரத்துணி போட்டு ஆவி காட்டி, கையால் கூட்டித் தட்டினால் கம்பளி அடங்கிவிடும்.

தையல் விட்டுப்போனால்

தையல் அங்கங்கே விழாமல் போனால் முதலில் ஊசியை மாற்றுங்கள். பத்தில் எட்டுத் தடவை அதோடு தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். தீராவிட்டால் ஊசி முழுக்க மேலே ஏறி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் கோளாறு அடியில் இல்லை, மேல்நூலில். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல்நூலை முழுக்க எடுத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காராது. பனியன் துணியின் ஓரம் அலை அலையாக விரிந்தால் நீளத்தைக் கூட்டுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள்.

பனிக்காலத்தில் மெஷின்

விடியற்காலைக் குளிரில் மெஷின் கனமாக ஓடும், எண்ணெய் கெட்டியாகிவிடுவதால். கைச்சக்கரத்தைச் சில சுற்று கையால் சுற்றி, நூல் இல்லாமல் மெதுவாக ஓட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் மாதங்களில் ஊசியை மெஷினிலேயே விட்டுவைத்தால் துருப்புள்ளி வந்து துணியில் கறை படியும். ராத்திரி கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறேன்.

ஃபிளீஸும் பிளானலும் தைத்த அன்று தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பல்லுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருக்கும். சின்ன பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். பாபின் உட்காரும் ஷட்டிலைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டு, உங்கள் மெஷின் எண்ணெய் விடும் வகை என்றால் ஒரே ஒரு சொட்டு. பஞ்சு இருக்கும்போதே எண்ணெய் விட்டால் அது உறிஞ்சிக்கொண்டு களிம்பாகிவிடும்.

மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும்போது படுகர் வீடுகளிலிருந்து வெள்ளைத் துணி தைக்க வரும். எண்ணெய் போட்ட அடுத்த நாள் அதை நேராக மெஷினில் வைக்க மாட்டேன். வெள்ளைக் கழிவுத் துணி ஒன்றை மடித்து, அகலம் 5ல் மூன்று முழம் ஓட்டி, ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் மூன்று முழம். சுத்தமாக வந்த பிறகுதான் வெள்ளை உள்ளே போகும்.